மாடி வீட்டில் விறகு அடுப்பு: புகைபோக்கிக் கோளாறுகளை அறிகுறியிலிருந்து கண்டறியும் வழிமுறை

ஒன்ராறியோவில் ரொறன்ரோவுக்கு வடக்கே வீடு வாங்கும் நம்மவர்களில் பலருக்கு, வீட்டோடு சேர்ந்து ஒரு விறகு அடுப்பும் கைக்கு வருகிறது. முதற் குளிர்காலத்தில் அது புகையத் தொடங்கியதும், கூரைக்கு மேல் சுழலும் மூடி வாங்குவதா, மின்விசிறி பொருத்துவதா, அடுப்பையே மாற்றுவதா என்று யோசனைகள் வந்து குவிகின்றன. இவற்றில் பெரும்பாலானவை காரணம் அறியாமல் செய்யும் செலவு. நிலவறையும் அதன்மேல் இரண்டு தளங்களும் கொண்ட வீட்டை மனத்தில் வைத்து இந்த வழிமுறை எழுதப்பட்டுள்ளது. ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத சோதனை முதலில் வருகிறது. காசு தேவைப்படும் வேலை அதற்குப் பின்னரே வருகிறது.

ஆராய்ச்சிக்கு முன் ஒன்று. காபன் மொனொக்சைட்டு எச்சரிக்கைக் கருவி ஒலித்தால் காரணம் தேடிக்கொண்டிருக்கக் கூடாது; எல்லோரும் வெளியேறிய பின் 911ஐ அழைக்க வேண்டும். ஒன்ராறியோவில் 2013இல் நிறைவேறிய ஹாக்கின்ஸ்-கிக்னாக் சட்டத்தைத் தொடர்ந்து, 2014 ஒக்ரோபரிலிருந்து, விறகோ வாயுவோ எண்ணெயோ எரிக்கும் வீடுகளில் படுக்கையறைப் பகுதிக்கு அருகே இக்கருவி இருப்பது கட்டாயம். அடைபட்ட புகைவழியால் நச்சு வாயு வீட்டுக்குள் திரும்பி ஒரு குடும்பமே இறந்ததன் விளைவாக வந்த சட்டம் அது. 2026 ஜனவரியிலிருந்து இத்தகைய வீடுகளின் ஒவ்வொரு தளத்திலும் ஒன்று இருப்பது கட்டாயம்.

அடுப்பு எரியாதபோதே குளிர்காற்று இறங்குகிறது. மூட்டியதும் அறை முழுதும் புகை

மாடி வீடுகளில் அதிகம் கேட்கப்படும் முறைப்பாடு இதுவே. சூடான காற்று எடை குறைந்தது. அது மேலே எழுவதால்தான் புகைபோக்கி இழுக்கிறது. ஆனால் குளிர்காலத்தில் வீட்டுக்குள் இருக்கும் காற்றும் வெளிக்காற்றைவிடச் சூடானதே. அதுவும் மாடிப்படி வழியாக மேலே எழுந்து, மேல்தளத்து யன்னல் இடுக்குகளிலும் பரண் கதவின் ஓரங்களிலும் கூரை விளக்குகளைச் சுற்றியுள்ள துளைகளிலும் வெளியேறப் பார்க்கிறது. மேலே வெளியேறிய அளவுக்குக் காற்று கீழே எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். வெளியே −20 பாகையும் உள்ளே 20 பாகையும் நிலவும் நாளில், 7.5 மீற்றர் உயரமான வீட்டின் அடித்தளத்தில் இதனால் ஏற்படும் உறிஞ்சல் கணக்குப்படி ஏறத்தாழ 7 பாஸ்கல். 8 மீற்றர்ப் புகைபோக்கி ஒன்று நன்கு சூடேறிவிட்டால் இதைப்போலப் பல மடங்கு இழுவையைத் தரும். ஆனால் அது வெளிச்சுவரை ஒட்டி நின்று இரவெல்லாம் குளிர்ந்து கிடந்தால் அதன் இழுவை பூச்சியத்துக்கு அருகே வந்துவிடுகிறது. அப்போது வீடே புகைபோக்கியாகி, உண்மையான புகைபோக்கி வெளிக்காற்று உள்ளே வரும் குழாயாகிவிடுகிறது.

சோதனைக்கு ஓர் ஊதுபத்தி போதும். அடுப்புக் கதவைச் சிறிது திறந்து, எரியும் ஊதுபத்தியை இடைவெளியில் பிடியுங்கள். புகை அறைப்பக்கம் வளைந்தால் எதிரோட்டம் இருக்கிறது. அந்த நிலையில் நெருப்பு மூட்டக் கூடாது. அடுத்து, சமையலறை உறிஞ்சி விசிறி, குளியலறை விசிறிகள், துணி உலர்த்தி ஆகிய அனைத்தையும் நிறுத்திவிட்டு மீண்டும் பாருங்கள். தாளிப்பும் பொரியலும் நடக்கும் நம் சமையலறைகளில் வலுவான உறிஞ்சி இருப்பது வழக்கம். அது அதிவேகத்தில் ஓடும் நேரத்தில் கீழே அடுப்பு மூட்டினால் புகை வீட்டுக்குள் வராமல் இருந்தால்தான் வியப்பு. விசிறிகளை நிறுத்திய பின்னும் காற்று உள்ளே வந்தால், மேல்தளத்து யன்னல்கள் யாவும் மூடியிருப்பதை உறுதி செய்துகொண்டு, அடுப்பு இருக்கும் தளத்தில் ஒரு யன்னலைக் கையளவு திறவுங்கள். ஊதுபத்திப் புகை திரும்பி அடுப்புக்குள் இழுபட்டால் காரணம் உறுதியாயிற்று.

இங்கே பலர் நேர்மாறாகச் செய்கிறார்கள். புகை மணம் போகட்டும் என்று மேல்மாடி யன்னல்களைத் திறந்துவிடுகிறார்கள். அது வீட்டின் இழுவையை இன்னும் வலுவாக்கி, கீழே வரும் புகையைக் கூட்டும்.

அன்றைக்கான தீர்வு, யன்னல் திறந்திருக்கும்போதே புகைவழியைச் சூடாக்குவது. சுருட்டிய ஒரு செய்தித்தாளைப் புகைவழியின் வாய்க்கு அருகில் கொளுத்தி இழுவை தொடங்கியதும், பெரிய கொள்ளிகள் அடியிலும் சுள்ளியும் சிராயும் மேலேயுமாக அடுக்கி, உச்சியில் நெருப்பு வையுங்கள். இவ்வாறு மேலிருந்து மூட்டினால் தீச்சுவாலை தொடக்கத்திலேயே குழாய்க்கு அருகில் இருப்பதால் அது விரைவில் சூடேறும். நிரந்தரத் தீர்வு மேல்தளத்தில் இருக்கிறது: பரண் கதவுக்கு இறப்பர்ப் பட்டி ஒட்டுவதும், கூரை விளக்குகளைச் சுற்றியும் கம்பிகள் பரணுக்குள் செல்லும் துளைகளிலும் காற்று புகாதபடி அடைப்பதும். அடுப்புக் கோளாறுக்குப் பரணில் ஏறி வேலை செய்யச் சொல்வது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் மின்விசிறி பொருத்துவதைவிட இது மலிவானது, வீட்டுச் சூட்டையும் மிச்சப்படுத்துவது. புகைபோக்கி வெளிச்சுவரில் திறந்தபடி நின்றால், காப்பிடப்பட்ட பெட்டிச்சுவர் ஒன்றுக்குள் அதை அடைப்பது அடுத்த படி.

இனிமேல்தான் அடுப்பு வைக்கப் போகிறவர்கள் இந்தத் தொல்லையை வரைபடத்திலேயே தவிர்த்துவிடலாம். புகைபோக்கி, சூடான வீட்டின் உள்ளேயே வளைவின்றி நேராக ஏறி, கூரை முகட்டுக்கு அருகில் வெளியேற வேண்டும். அதற்காக மேல்மாடி அலுமாரி ஒன்றின் மூலையை இழக்க நேரும், இழக்கலாம். சாதாரண அடுப்புக் குழாய் அடுப்பு இருக்கும் அறைக்குள் மட்டுமே இருக்கலாம். தளத்தையோ கூரைத்தட்டையோ பரணையோ அது ஊடறுத்துச் செல்ல அனுமதியில்லை. கூரைத்தட்டிலிருந்து மேலே, கனடாவின் எஸ் 629 தரச் சான்று பெற்ற, காப்பிடப்பட்ட உலோகப் புகைபோக்கியே செல்ல வேண்டும். அது கடக்கும் ஒவ்வொரு தளத்திலும் தீத்தடுப்புத் தகடு இருக்க வேண்டும். மேல்தள அறையில் அதைச் சுவரெழுப்பி மறைக்க வேண்டும். மிக மோசமான தெரிவு, இரண்டு மாடி வீட்டின் ஒற்றைத்தள இணைப்பறையில் அடுப்பை வைத்து, அந்தத் தாழ்ந்த கூரைக்கு மேல் குட்டையான புகைபோக்கியை நிறுத்துவது. அங்கே வீடு புகைபோக்கியைவிட உயரமாகிவிடுகிறது. எந்த மூடியும் அதைச் சரிசெய்யாது.

நன்றாக எரிகிறது; கதவைத் திறந்தால் மட்டும் புகை

சென்ற ஆண்டு இல்லாமல் இந்த ஆண்டு இது தொடங்கியிருந்தால் அடைப்பையே முதலில் சந்தேகிக்க வேண்டும். உச்சி மூடியைச் சுற்றியுள்ள கம்பிவலையில் கிரியோசோட் எனப்படும் புகைத்தார் படிந்து துளைகள் மூடிக்கொள்வது மிகப் பொதுவானது. கீழிருந்து தொலைநோக்கியால் பார்த்தாலே தெரியும். பறவைக் கூடும், அடுப்பினுள் நெருப்புக்கு மேலே புகையை மறித்து நிற்கும் உள்மேற்பலகை இடம் பெயர்ந்திருப்பதும் அடுத்த காரணங்கள்.

தொடக்கம் முதலே இப்படியானால் அமைப்பில் குறை. அடுப்பிலிருந்து புகைபோக்கி வரை செல்லும் குழாயின் வளைவுகள் மொத்தம் 180 பாகையைத் தாண்டக் கூடாது. கிடையாகச் செல்லும் பகுதி மீற்றருக்கு 20 மில்லிமீற்றராவது மேல்நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். இரண்டு 90 பாகை வளைவுகளுக்குப் பதிலாக இரண்டு 45 பாகை வளைவுகளை வைத்தாலே பல அடுப்புகள் அடங்கிவிடும். பெரும்பாலான உற்பத்தியாளர்கள் கேட்கும் குறைந்தபட்ச உயரம், அடுப்பு நிற்கும் தரையிலிருந்து உச்சி வரை 15 அடி, அதாவது சுமார் 4.6 மீற்றர். நிலவறையில் அடுப்பு வைத்தவர்களுக்கு இந்த உயரம் எளிதில் கிடைத்துவிடும். மேல்தளத்தில் வைத்தவர்களுக்கே பற்றாக்குறை வரும்.

கதவைத் திறக்கும் முறையும் முக்கியம். அடுப்புக்குள் காற்றை விடும் காற்றுவழியை முழுதாகத் திறந்து ஒரு நிமிடம் விட்டு, கதவை விரலளவு திறந்து சற்றுப் பொறுத்து, பின்னரே அகலத் திறக்க வேண்டும். அதுவும் தீச்சுவாலை தணிந்து தணல் மட்டும் இருக்கும் நேரத்தில்.

காற்றடிக்கும் நாள்களில் மட்டும் புகை

இங்கே பார்க்க வேண்டியது உச்சியின் உயரம். புகைபோக்கி கூரையை ஊடறுக்கும் இடத்தின் மிக உயர்ந்த புள்ளியிலிருந்து 0.9 மீற்றராவது உயர்ந்திருக்க வேண்டும். 3 மீற்றர் கிடைத்தூரத்துக்குள் உள்ள முகடு, சுவர் எதையும்விட 0.6 மீற்றராவது உயர்ந்திருக்க வேண்டும். அடிக்கணக்கில் இதனை 3, 2, 10 என்று நினைவில் வைப்பார்கள். இது குறைந்தபட்சமே, பக்கத்தில் உயரமான ஊசியிலை மரங்களோ பிற்காலத்தில் எழுப்பிய மேல்மாடியோ இருந்தால், விதிக்கு உட்பட்டிருந்தும் காற்று அதன்மேல் சுழன்று கீழே அழுத்தலாம். உயரம் போதுமானது என்று அளந்து உறுதி செய்த பின்னரே காற்றுத்தடுப்பு மூடிக்குச் செலவு செய்யுங்கள். கூரைக்கு மேல் 1.5 மீற்றருக்கு மேற்பட்டு நிற்கும் குழாய்க்குத் தாங்குகம்பிகள் வேண்டும்.

கீழே அடுப்பு எரிய, மேலே பாவிக்காத கணப்பில் புகை மணம்

பழைய செங்கல் வீடுகளில் ஒரே புகைபோக்கிக் கட்டுக்குள் இரண்டு புகைவழிகள் அருகருகே ஏறும்: ஒன்று நிலவறைக்கு, மற்றது வரவேற்பறைக் கணப்புக்கு. இரண்டின் வாயும் உச்சியில் ஒரே மட்டத்தில் இருந்தால், வெளியேறும் புகையின் ஒரு பகுதியைப் பக்கத்து வெற்றுப் புகைவழி கீழே இழுத்து, வீட்டின் உறிஞ்சலுக்குத் தீனியாக்குகிறது. பாவிக்காத கணப்புக்கு உச்சியிலேயே இறுக மூடும் டாம்பர் என்னும் மூடுதகட்டைப் பொருத்துவது நல்ல தீர்வு. பாவிப்பிலுள்ள வாயை மற்றதைவிட உயர்த்துவதும் உதவும். இரண்டு மாடிகளின் அடுப்புகளை ஒரே புகைவழியில் சேர்த்திருப்பதாகக் கண்டால், ஒன்றைக் கழற்றும் வரை இரண்டையும் மூட்டாதீர்கள்.

கண்ணாடி கறுக்கிறது, குழாய்ப் பொருத்துகளில் கறுப்பு நீர் ஒழுகுகிறது

இது கிரியோசோட். எரியாத புகை ஏறத்தாழ 120 பாகைக்குக் கீழே குளிர்ந்த சுவரில் பட்டுப் படிவதால் உண்டாகிறது. முதல் நிலையில் தூளாக இருக்கும், தூரிகைக்கு வந்துவிடும். இரண்டாம் நிலையில் மினுங்கும் செதில்களாக மாறும். மூன்றாம் நிலையில் உருக்கி ஊற்றிய தார் போல இறுகிவிடும், அதற்குச் சாதாரணத் தூரிகை பயன்படாது. மாடி வீட்டில் புகைபோக்கி நீளமாக இருப்பதால் புகை உச்சியை அடையும் முன் குளிர நேரம் கிடைக்கிறது. ஆகவே படிவு பெரும்பாலும் உச்சியிலும் மூடியிலுமே தடிக்கும். கீழ்ப்பக்கத்தை மட்டும் எட்டிப் பார்த்துச் சுத்தமாக இருக்கிறது என்று முடிவு செய்வது ஏமாற்றம்.

விறகிலிருந்து தொடங்குங்கள். ஒரு கட்டையை அப்போதே பிளந்து, பிளந்த உட்பக்கத்தில் ஈரமானியை வையுங்கள். 20 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் வேறெதையும் ஆராய வேண்டியதில்லை; அந்த விறகு இந்த ஆண்டுக்குரியதன்று. விற்பவர் ‘உலர்ந்தது’ என்று சொல்வதை நான் அளவீடாக ஏற்பதில்லை. மேப்பிளும் பேர்ச்சும் பிளந்து, மேலே மூடி, பக்கங்களில் காற்றோட்டத்தோடு அடுக்கினால் ஒரு முழுக் கோடையில் பெரும்பாலும் தேறிவிடும். ஓக்கிற்கு இரண்டு ஆண்டு வேண்டும்.

விறகு சரியென்றால் எரிக்கும் முறையைப் பாருங்கள். ஒற்றைச் சுவர்க் குழாயில், அடுப்புக்குச் சுமார் 45 சென்ரிமீற்றர் மேலே ஒட்டும் காந்த வெப்பமானி 115க்கும் 245க்கும் இடையில் (செல்சியஸ் பாகையில்) நிற்க வேண்டும். இரவு முழுதும் எரியட்டும் என்று விறகை நிரப்பிக் காற்றுவழியை மூடி வைப்பவர்களின் அடுப்பில் அது 115க்குக் கீழே கிடக்கும். காலையில் கண்ணாடி கறுத்திருக்கும். நிரப்பிய பின் பதினைந்து இருபது நிமிடம் நன்றாகத் தீப்பற்ற விட்டு, பிறகு படிப்படியாகக் குறைப்பதே முறை. இரட்டைச் சுவர்க் குழாயில் காந்த வெப்பமானி பொய்க் கணக்கு காட்டும். அதற்குத் துளையிட்டுச் செருகும் வெப்பமானி தேவை.

இவை இரண்டும் சரியாக இருந்தும் படிவு தடித்தால் புகைவழி அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கலாம். 6 அங்குல வாயுள்ள அடுப்பை, திறந்த கணப்புக்காகக் கட்டிய அகலமான செங்கல் புகைவழியில் அப்படியே விட்டிருந்தால், புகை அதில் பரந்து மெதுவாகி ஆறிவிடும். அடுப்பு வாயின் அளவுக்குத் துருப்பிடிக்காத உருக்கு உட்குழாயை உச்சி வரை இறக்கி, அதைச் சுற்றிக் காப்பிடுவது இங்கு செய்யத்தக்க செலவு.

கறுப்பு நீர் குழாயின் வெளியே ஒழுகுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: துண்டுகளைத் தலைகீழாகப் பொருத்தியிருப்பது. ஒவ்வொரு துண்டின் நெளிவுள்ள முனையும் அடுப்பை நோக்கிக் கீழே இருக்க வேண்டும். அப்போது ஒழுகல் குழாய்க்குள்ளேயே இறங்கி அடுப்பில் எரிந்துவிடும். பொருத்துகளில் மூன்று மூன்று திருகாணிகள் இருக்கின்றனவா என்பதையும் அதே வேளையில் எண்ணிவிடுங்கள்.

படிவு 3 மில்லிமீற்றரை எட்டினால் துடைக்க வேண்டும். மினுங்கும் படிவாக இருந்தால் எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் புகைபோக்கி துடைக்கும் தொழிலாளரை அழைக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை பரிசோதனை கட்டாயம். புது அடுப்பிலும், புது விறகுக் கட்டிலும் முதற் சில மாதங்கள் அடிக்கடி பார்ப்பது நல்லது. கடையில் விற்கும் கிரியோசோட் நீக்கித் தூள் படிவை இளக்க உதவலாம். தூரிகைக்கு அது மாற்றாகாது.

புகைபோக்கிக்குள் பெரும் இரைச்சல்

விமானம் தாழப் பறப்பது போன்ற ஓசை, குழாய் அதிர்தல், உச்சியில் தீப்பொறி: படிந்த கிரியோசோட் தீப்பற்றிவிட்டது. உள்ளே வெப்பம் 1,000 பாகையைத் தாண்டக்கூடும். அடுப்புக் கதவையும் காற்றுவழிகளையும் மூடுங்கள், எல்லோரையும் வெளியேற்றுங்கள், 911ஐ அழையுங்கள். அடுப்பிலோ கூரையிலிருந்தோ தண்ணீர் ஊற்றக் கூடாது. சூடான செங்கல்லும் உலோகமும் வெடிக்கும். மாடி வீட்டில் தீ தளங்களுக்கு இடையிலுள்ள மறைவிடங்களில் பரவியிருக்கலாம் என்பதால், இரைச்சல் தானாக நின்றுவிட்டாலும் தீயணைப்பாளர்கள் மேல்தளச் சுவர்களைச் சோதிக்க வேண்டும். பரிசோதனை முடியும் வரை அந்த அடுப்பு மூட்டத்தக்கதன்று.

அடுப்பு அடங்க மறுக்கிறது. விறகு கணத்தில் தீர்ந்துவிடுகிறது

நிலவறையிலிருந்து மூன்று தளம் ஏறும் உயர்ந்த புகைபோக்கிக்கே உரிய எதிர்ப்பக்கக் கோளாறு இது. காற்றுவழியை முழுதும் மூடியும் சுவாலை குறையாவிட்டால், முதலில் கதவின் ஓரத்தில் காற்று புகாமல் அடைக்கும் கயிற்றைச் சோதியுங்கள்: ஒரு கடதாசித் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால், அது எளிதில் வழுகி வரக் கூடாது. கயிறு நன்றாக இருந்தால் இழுவையை அளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான அடுப்புகள் 12 முதல் 25 பாஸ்கல் வரை எதிர்பார்க்கின்றன. அதற்கு மேல் தொடர்ந்து நின்றால், உற்பத்தியாளர் அனுமதித்தால், குழாயில் ஒரு கைப்பிடி டாம்பர் போடலாம். அடுப்பின் உடலோ குழாயோ செந்நிறமாக ஒளிர்வது அவசர நிலை.

மேல்மாடி அறையில் சுவர் சூடாகிறது, அல்லது கருகிய மணம் வருகிறது

இதைத் தள்ளிப்போடக் கூடாது. அன்றே அடுப்பை நிறுத்துங்கள். சான்று பெற்ற உலோகப் புகைபோக்கிக்கும் மரச்சட்டங்களுக்கும் இடையே பொதுவாக 50 மில்லிமீற்றர் வெற்றிடம் விட வேண்டும். அந்த இடம் காற்றுக்கானது. பரணில் காப்புப் பஞ்சு ஊதியவர்கள் அதை அங்கேயும் நிரப்பிவிடுவது அடிக்கடி நடக்கிறது. அப்போது சூடு வெளியேற வழியின்றி மரத்தில் ஏறுகிறது. ஆண்டுக்கணக்கில் சூட்டில் கிடந்து மெல்லக் கருகும் மரம், புதிய மரத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே தீப்பற்றக்கூடியதாகிறது. ஆகவே ‘இத்தனை ஆண்டு ஒன்றும் ஆகவில்லை’ என்பது இங்கே ஆறுதல் தரும் வாதமன்று. பரணில் புகைபோக்கியைச் சுற்றி உலோகக் காப்புத்தடுப்பு இருக்கிறதா, தளந்தோறும் தீத்தடுப்புத் தகடு இருக்கிறதா என்று, விறகு அடுப்பு வேலைக்கான ‘வெட்’ (WETT) சான்றிதழ் பெற்ற பரிசோதகரைக் கொண்டு பார்க்க வேண்டும். வீட்டுக் காப்புறுதி நிறுவனங்கள் பலவும் அந்த அறிக்கையைத்தான் கேட்கின்றன.

அடுப்பறையிலும் இதே கவனம் வேண்டும்: ஒற்றைச் சுவர்க் குழாய்க்கும் எரியக்கூடிய சுவருக்கும் 450 மில்லிமீற்றர், இரட்டைச் சுவர்க் குழாய்க்கு அதன் முத்திரையில் உள்ள அளவு.

கூரைத்தட்டில் பழுப்புக் கறை. கோடையில் புளித்த மணம்

மழையின் பின் தோன்றும் கறை, கூரைச் சந்திப்புத் தகட்டிலோ அதன் மேலுள்ள மழைக்கழுத்துப் பட்டியிலோ வரும் கசிவு. மழையில்லாத கடுங்குளிரில் தோன்றினால் அது பரணில் உறைந்து உருகும் ஈரம். மேல்தளத்தின் சூடான காற்று புகைபோக்கியைச் சுற்றிப் பரணுக்குள் கசிகிறது. அந்த இடைவெளியைத் தகட்டாலும் வெப்பம் தாங்கும் பூச்சாலும் அடைக்க வேண்டும். பஞ்சாலோ நுரையாலோ அடைக்கக் கூடாது. செங்கல்லில் பூக்கும் வெண்தூளும் ஈரத்தின் அடையாளமே.

கோடை மணத்துக்குக் காரணம், குளிரூட்டிய வீட்டுக்குள் ஈரமான வெளிக்காற்று புகைவழியாக இறங்கி, எஞ்சிய கிரியோசோட்டை நனைப்பது. அந்த ஈரம் படிவோடு கலந்து உலோகத்தையும் அரிக்கும். ஆதலால் துடைப்பதற்கு உகந்த காலம் பலர் நினைப்பதுபோல் ஒக்ரோபரன்று. கடைசி நெருப்பு அணைந்த ஏப்ரல், மே மாதங்கள். துடைத்து முடித்ததும் சாம்பலையும் முழுதாக அள்ளி, மூடியுள்ள உலோக வாளியில் இட்டு, மரத் தாழ்வாரத்தை விட்டு விலக்கி வையுங்கள். தணல் சாம்பலுக்குள் நாள்கணக்கில் உயிரோடிருக்கும். பின்னர் காற்றுவழியை மூடி, கதவை இறுகத் தாழிட்டுவிட்டால், இலையுதிர்காலத்தில் உச்சி மூடியில் கூடு இருக்கிறதா என்று ஒருமுறை பார்ப்பது மட்டுமே மிச்சம்.